ஒன்பது டிகிரி

கோத்தகிரியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் குளிரைக் கணித்துச் சொல்லும் ஒரு கணினி வானிலை மாடலை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மாடல் உறைபனி என்று சொன்னால்தான் அங்கே ஹீட்டர் எரியும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கு வாய்த்த மாடல் வாரம் முழுக்க ஒன்பது டிகிரி என்றது.

காலையில் புஷ்பராணி வாளியில் உறைந்திருந்த ஐஸை உடைத்து, ஒரு துண்டைக் கையில் மூடிக்கொண்டு, கைக்குழந்தையோடு ஹீட்டர் ஆபீசுக்கு ஓடினாள்.

"சார், புள்ள பால் குடிக்கல, அழக்கூட மாட்டேங்குது. எங்க மாடல மாத்திக் குடுங்க."

எழுத்தர் கனகசபை குடியிருப்பின் மாடலையும் ஆபீசின் மாடலையும் திரையில் ஒப்பிட்டார். "உங்களுக்கு ஒன்பதும்மா. இந்த ஆபீசுக்குத்தான் மைனஸ் ஒண்ணு." அவர் காலடியில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது.

"நடுவுல ஒரு ரோடுதானே சார் இருக்கு?"

"மாத்தணும்னா, அங்க உறைஞ்சதுக்கு ஆதாரம் வேணும்."

"கொண்டாந்திருக்கேன் சார்."

மரத்துப்போன விரல்களை மெல்லப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஈரம்தான் இருந்தது. அந்த அறையின் வெதுவெதுப்பில் தோளில் கிடந்த குழந்தை அசைந்து, வீறிட்டு அழத் தொடங்கியது.

கனகசபையின் முகம் மலர்ந்தது. "பாருங்க, புள்ள நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."