சின்ன அறைக்கு ஒரு குழாய்

குழாயின் வாயில் காதை வைத்தாள்.

உளிச் சத்தம் கேட்டது. எங்கோ தூரத்தில், சுவருக்குள்ளிருந்து, சின்னதாக, விடாமல்.

மாடிப்படிக்குக் கீழே வீட்டின் எல்லாக் குழாய்களும் வந்து கூடி நின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே, இன்னும் பூசாத செங்கல்லில், அவள் கணவன் சாக்பீஸால் எழுதியிருந்தான். ஹால் டிவி. மாடி மேசை. வாசல் கேமரா. நாளைக்குச் சுவர் பூச்சு. பிறகு இந்தக் குழாய்களுக்குள் இன்டர்நெட் ஒயர் ஓடும்.

யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று, ஆளே குடிவராத வீடு இப்போதே தெரிந்து வைத்திருக்கிறது. அவளுக்கு மலைப்பாக இருந்தது.

அவள் காதை வைத்த குழாய்க்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

சத்தம் வந்த பக்கம் நடந்தாள். மெதுவாக.

ஆறாம் மாதம்.

அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இரண்டு முறை கலைந்த பிறகு இவர்கள் பிள்ளையைப் பற்றிய பேச்சையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் ஸ்கேனில் டாக்டர் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார். கணவன் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். கிணறு வெட்டித்தான் கொண்டுவந்தானோ என்னவோ, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான்.

இந்த மனுஷனுக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. நான் ஒருத்திதான் காத்திருக்கிறேன். அன்று அப்படி முடிவு கட்டியவள், அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் எலக்ட்ரீஷியன் ஞானதுரை குந்தியிருந்து, ஒரு சாக்பீஸ் வட்டத்தை நோக்கிச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தார். பிளானில் அது ஸ்டோர் ரூம்.

“ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு அண்ணாச்சி இன்டர்நெட்டு?”

“அதத்தான் நானும் கேட்டேன் தங்கச்சி. அரிசி மூட்ட யூடியூபா பாக்கப் போவுதுன்னு. சார் சிரிக்கக்கூட இல்ல. ஒயர் வெளிய வர்ற எடத்துக்கு வட்டத்தப் போட்டுட்டு அப்படியே நின்னாங்க.”

ஜன்னலை ஒட்டி இருந்தது வட்டம். படிக்க வெளிச்சம் விழும் இடம்.

மாடி மேசைக்குப் போட்ட வட்டம் அவள் இடுப்புக்கு வந்தது. இது தொடைக்குத்தான் வந்தது.

சின்ன மேசை.

சின்ன மேசைக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டும். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிற ஆள். வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு வேறு எதையோ பார்க்கிற ஆள்.

அடுத்த மாதத்தைப் பேசவே பயப்படுகிறவன், அத்தனை வருஷத்தையும் தாண்டிப் போய் ஒரு வட்டம் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு, குழாய்க்கு மேல் எழுத மட்டும் கை வராமல் விட்டிருக்கிறான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவ்வளவு பெரிய ஆசையை ஒரு மனிதன் எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

ஞானதுரை உளியை நிறுத்தினார்.

“வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. நாளைக்குப் பூசிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் உள்ளங்கையால் வட்டத்தை அழித்தாள்.

அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

சாக்பீஸை எடுத்து, ஒரு சாண் கீழே புதிதாக ஒரு வட்டம் போட்டாள்.

“அவரு ஒசரத்த நெனச்சுப் போட்டிருக்காரு. என்னைய மாதிரி குட்டையா வந்தா எட்டாது.”

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

ஞானதுரை அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. புது வட்டத்தில் உளியை வைத்தார்.

வாசலில் பைக் வந்து நின்றது. டீத் தூக்கோடு உள்ளே வந்த கணவனை அவள் கைகாட்டி அழைத்தாள். மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், எழுத்தில்லாத குழாயைக் காட்டினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தான். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து காதை வைத்தான்.

சின்னதாக, விடாமல்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்த முறை அவன் எழுந்து போகவில்லை.