ஏழாம் நம்பர் ஜோடி

அவன் கால் அவள் காலில் பட்டது.

கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"ஆடாம நில்லும்மா."

கீழே மண்டியிட்டிருந்தாள் மகள் தன்ஷிகா. முதுகில் அட்டைச் சிறகு. தலையில் கம்பிக் கொம்பு. இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் இன்றைக்குத் தேனீ.

அப்பாவின் இடது காலையும் அம்மாவின் வலது காலையும் சேர்த்து மஞ்சள் ரிப்பனைச் சுற்றினாள். மூன்று கால் ஓட்டம். பெற்றோரின் கால்களைப் பிள்ளைகள்தான் கட்ட வேண்டுமாம். பிரின்சிபல் மேடத்தின் அரிய யோசனை.

ஸ்பிரிங் ஃபெஸ்ட்!

திருச்சியில். மார்ச் கடைசியில். மண்டை பிளக்கும் வெயிலில்.

வாட்ஸப்பில் வந்த அழைப்பில் துலிப் பூ. வாசல் வளைவில் பிளாஸ்டிக் துலிப் பூ. இந்த ஊரில் துலிப்பை எவன் கண்டான்? மஞ்சள் உடை கட்டாயம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருவது அதைவிடக் கட்டாயம். 'குடும்பமே பள்ளியின் வேர்' என்று பேனர். அதன் கீழே பாதி அளவுக்குத் தண்ணீர் கேன் விளம்பரம்.

பக்கத்தில் நின்றவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். இரவல் வாங்கியது போல ஒரு மஞ்சள் சட்டை. தொப்பைக்கு மேல் பட்டன் மூச்சுத் திணறியது. தன் உடம்புக்கு ஒரு சட்டை வாங்கத் தெரியாத ஜென்மம்.

அவன் அவள் செருப்பைப் பார்த்தான்.

"ஓடற இடத்துக்கு ஹீல்ஸ். உன் புத்தி உன்னோட."

"உங்க வாய் உங்களோட."

செருப்பை உதறிவிட்டாள். மண் சுட்டது. அவனிடம் போய் அதைச் சொல்வாளா?

ஒரு மணி நேரம். அவ்வளவுதான். திங்கட்கிழமை குடும்ப நீதிமன்றம். ஆளுக்கொரு கையெழுத்து. அப்புறம் இந்த மூஞ்சியில் விழிக்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

தன்ஷிகா ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொன்று. அதன் மேலும் ஒன்று.

கல்யாணத்தன்று மூன்றோடு நிறுத்தினார்கள். இவள் நிறுத்துகிற வழியாக இல்லை.

"போதும்டி. கால் மரத்துப் போகுது."

குழந்தை நிமிரவேயில்லை.

விசில்!

மூன்றாம் நம்பர் ஜோடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சலாகக் கிளம்பியது. நாலே எட்டில் குப்புற விழுந்தது. விழுந்தும் ஒரே சிரிப்பு. அதை வீடியோ எடுக்க ஒரு மச்சினன். ஐந்தாம் நம்பர் மனைவி கணவனுக்கு வழி சொல்லிக்கொண்டே ஓடி, அவனையும் இழுத்துக்கொண்டு ஜூஸ் கடைக்குள் புகுந்தாள்.

ஏழாம் நம்பர் சிரிக்கவில்லை. பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சீக்கிரம் முடிந்து தொலைய வேண்டும். இருவருக்கும் அதே அவசரம்.

கால்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி விழுந்தன.

முதல் பரிசு.

மைக்கில் பிரின்சிபல் மேடம் உருகினார். "பேரன்ட்ஸ், ஏழாம் நம்பர் ஜோடியைப் பாருங்க! என்ன ஒரு அண்டர்ஸ்டேண்டிங்! எல்லாரும் கத்துக்கணும்!"

கைத்தட்டல் மைதானத்தை நிறைத்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும். ஒரே விஷயத்துக்கு இருவரும் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அங்கேயே அதை மிதித்தாள்.

பரிசு, இரண்டு காபி கோப்பை. ஒன்றில் ராஜா. ஒன்றில் ராணி.

நல்லதாகப் போயிற்று. பிரித்துக்கொள்ள வசதி.

அவன் குனிந்து முடிச்சைப் பிடித்தான். நகம்கூட நுழையவில்லை. வியர்வையில் ரிப்பன் கல்லாக இறுகியிருந்தது.

"ஒரு முடிச்சை அவுக்கத் துப்பில்ல."

"வாய் பேசறவ அவுத்துக் காட்டு."

அவளாலும் முடியவில்லை.

வகுப்பு ஆசிரியை ஜெனிட்டா ஓடி வந்தாள். "இருங்க மேடம், கத்தரியால வெட்டிடலாம். கிராஃப்ட் டேபிள்லதான் வெச்சேன்."

மேசை மேல் இல்லை. கீழே இல்லை. பிளாஸ்டிக் துலிப் தொட்டிக்குப் பின்னாலும் இல்லை.

"இப்பதானே இருந்துச்சு!"

ஒரு கத்தரிக்கோலைப் பத்திரமாக வைக்கத் துப்பில்லாத பள்ளி. இதில் இடம் கிடைக்க எத்தனை பேரைப் பிடித்தோம் என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அப்போதுதான் மகளைப் பார்த்தாள்.

தன்ஷிகா தள்ளி நின்றிருந்தாள். கைத்தட்டவில்லை. ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். அட்டைச் சிறகின் ஓரத்தில் கத்தரிக்கோலின் சிவப்புப் பிடி.

கண் கொட்டாமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் சொன்னது இவளுக்கு?

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் ஏற்கெனவே கத்தரியைப் பார்த்துவிட்டிருந்தான். அந்த முகத்தில் இளக்காரம் இல்லை. அது இல்லாமல் அந்த முகம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"ஆஃபீஸ் ரூம்ல வேற ஒண்ணு இருக்கு. ஒரே நிமிஷம்" என்று கிளம்பினாள் ஜெனிட்டா.

"வேணாம் மிஸ். அவுந்துடுச்சு" என்றான் அவன்.

அவிழவில்லை.

"ஆமா மிஸ்" என்றாள் அவள். "அவுந்துடுச்சு. நீங்க போங்க."

ஜெனிட்டா போய்விட்டாள். அடுத்த போட்டிக்கு விசில் ஊதினார்கள்.

அவன் முடிச்சின் மேல் கையை வைத்தபடி குனிந்திருந்தான். விரல்கள் அசையவில்லை.

மண் சுட்டது.

அவள் காலை எடுக்கவில்லை.