பச்சாத்தாபம்

"செஞ்சதுக்குப் பச்சாத்தாபப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றார் திண்டிவனம் மாஜிஸ்திரேட்.

அது 1930ஆம் வருஷம். மரக்காணம் கடற்கரையில் தடையை மீறி உப்புக் காய்ச்சியதற்காகக் கூண்டில் நின்றிருந்த மீனவன் சிங்காரம் தலையைச் சொறிந்தான்.

"அப்படின்னா இன்னாங்க எசமான்?"

வடமொழி படித்த குமாஸ்தா உற்சாகமாக எழுந்தார். "பஸ்சாத்னா பிற்பாடு. தாபம்னா சூடு. ஒரு காரியத்தைச் செஞ்ச பிற்பாடு உள்ளே சுடுது பாரு, அதுதான்டா."

சிங்காரம் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் சுடலீங்களே."

"ஆறு மாசம் ஜெயில்ல கெடந்தா சுடும்!" மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"எனக்குச் சுடுதுங்க எசமான்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் சிங்காரத்தின் மனைவி பவுனு. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மாஜிஸ்திரேட்டின் முகம் மலர்ந்தது. "பொம்பளைக்கு இருக்கிற புத்தி உனக்கில்லையேடா! நீ சொல்லும்மா, தைரியமா சொல்லு."

"அன்னைக்குப் போலீசு வந்தப்போ இவரு அடுப்பாண்டையே நின்னாருங்க. நான்தான் சட்டியைப் போட்டுட்டு ஓடிட்டேன். அன்னையிலேர்ந்து உள்ளே சுட்டுக்கினே கெடந்துச்சுங்க. அதான்..."

மேஜைமேல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று உப்பு சரிந்தது.

"நேத்து அதே எடத்துல நானே காய்ச்சினதுங்க. இப்பதான் சூடு தணிஞ்சிது."

கூண்டில் சிங்காரம் சற்று நகர்ந்து நின்று, அவளுக்கு இடம் விட்டான்.