கறுப்பு மண் பேணி

இந்த உலகத்தில் பொய் சொல்லாத சாமான் ஒன்றே ஒன்றுதான், அது தன் கையால் செய்த கதிர்வீச்சு அளக்கும் கருவி என்று எமில் மனதார நம்பினான். பேசாலைக் கரையைத் தோண்ட வரும் கொம்பனிக்கு எதிராக, நாளைக்கு அரசாங்கக் கச்சேரிக் கூட்டத்தில் அது சாட்சி சொல்லவேண்டும்.

கதிர்வீச்சு உண்டென்று அவன் நம்பிய கரைக் கறுப்பு மண்ணை அள்ளிப் பால்மாத் தகரப் பேணியில் அடைத்து, 'யாரும் திறக்கக்கூடாது' என்று வீட்டாருக்குச் சொல்லி, பயத்தில் தானும் திறக்காமல் இருந்தான். ஆனால் பேணியைக் கிட்ட வைத்தாலும் எட்ட வைத்தாலும் கருவி ஒரே மாதிரித்தான் டிக், டிக் என்றது. மூன்று நாளாய்க் கருவியைக் கழற்றிப் பூட்டியும் பயனில்லை.

"இஞ்சேருங்கோ, மடு மாதா கோயில் மண் கொஞ்சம் பூசிப் பாப்பமே?" என்றாள் மனைவி றெஜீனா.

"அது பாம்புக்கடிக்குப் பூசுறது. இது விஞ்ஞானமடி!"

"அப்ப விஞ்ஞானம் ஏன் முழிச்சுக்கொண்டு நிக்குது?"

வோல்டேஜ் போதாதாக்கும் என்று நானூறை எண்ணூறாய் ஏற்றினான். இரண்டு மாதம் காத்திருந்து கொழும்பிலிருந்து எடுப்பித்த, கதிர்வீச்சை உணரும் குழாய், கிர்ரென்று ஒருதரம் இரைந்துவிட்டுச் செத்தது.

எமில் கதிரையில் தொப்பென்று குந்தினான். "முடிஞ்சுது. அந்த மண்ணில ஒண்டுமில்லையெண்டு நாளைக்குச் சிரிக்கப்போறாங்கள்."

"எந்த மண்ணில?"

"பேணிக்குள்ள கிடக்கிறதில."

"அதை அண்டைக்கே கடலில கொட்டிப்போட்டன். பிள்ளை தவழுற வீட்டில நஞ்சை வச்சிருக்கேலுமே? பேணியிலயும் அந்த நஞ்சு நிக்குமெண்டு மடு மண்ணைப் போட்டு மூடினனான்."

றெஜீனா தேத்தண்ணி போட உள்ளே போனாள். எமில் பேணியைத் திறந்து, ஒரு கிள்ளு எடுத்து, செத்த குழாயின்மேல் சிலுவை போட்டுப் பூசினான்.