இருபத்தொரு வளையல்கள்

ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று, சோப்பு நுரையைத் தேய்த்துத் தேய்த்து, இருபத்தொரு கண்ணாடி வளையல்களையும் ஒன்றுகூட உடையாமல் கழற்றி, புருஷனின் துண்டில் முடிந்து கொடுத்தாள் பூமாரி.

முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமைதான் அவை கையேறியிருந்தன. திருவனந்தபுரம் ஆரியசாலை வாடகை வீட்டில் ஏழாம் மாத வளைகாப்பு. வயிற்றுப் பிள்ளை அம்மாவை அடையாளம் கண்டுகொள்வது இந்தச் சத்தத்தை வைத்துத்தான் என்று, போட்டுவிட்ட பெண்கள் சொன்னார்கள்.

திங்கள் காலை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு புறப்பட்ட பஸ்ஸில், மார்த்தாண்டம் தாண்டியதும் வலி. மூன்று மணிக்கு வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஜீப்பில் மடியில் வைத்து மறுபடி திருவனந்தபுரத்துக்கே கொண்டுவந்தார்கள்.

டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதினார்.

எத்தனை வாரம்? இருபத்தெட்டு. எடை? தொள்ளாயிரம் கிராம். பிரசவத்துக்கு முன்னால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டார்களா? அதற்கு நேரமிருக்கவில்லை. பிறந்த பிறகு எவ்வளவு தூரம் வந்தது?

ஒவ்வொரு பதிலுக்கும் பேனா கொஞ்சம் நின்று நகர்ந்தது.

மொத்தக் கடையில் நாளெல்லாம் பருப்பைக் கிலோ கிலோவாகப் பொட்டலம் கட்டுகிற அவள் புருஷன் சொரிமுத்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளையலைக் கழற்றச் சொன்னது லீலாபாய் சிஸ்டர்தான். "சத்தம் கேட்டாலே கொச்சுப்பிள்ள பதறும். பதறினா தலைக்குள்ள நரம்பு பொட்டீரும், பாத்துக்க."

தலைக்குள் ரத்தம் கசியாமல் மூன்று நாள் போய்விட்டால் பெரிய கண்டம் தாண்டும். அதுவரை பெற்றவள்கூடத் தொடக் கூடாது. வளையல் கையோடு வாசல் பக்கமே வரக் கூடாது.

வியாழன், மூன்று மணி. பூமாரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய் முழுக்கக் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்றாள். தலை அசையாதபடி இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த துணி. குழாய்களுக்கு நடுவே ஒரு பாதம் தெரிந்தது. அவள் கட்டைவிரலைவிடச் சின்னது. அதை ஒரே ஒரு விரலால், ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கை தானாகக் கண்ணாடியில் பதியும். தட்டிவிடுவோமோ என்று பயந்து உடனே எடுத்துவிடுவாள்.

புதன் காலை ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, குழந்தையின் உச்சியில் எதையோ வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

பிறகு லீலாபாய் சிஸ்டர் தானாகவே அவர்களைத் தேடி வந்தாள். முந்தின நாள் செருப்புச் சத்தத்துக்கே சொரிமுத்துவை விரட்டியடித்தவள்.

"வா மோளே. கை கழுவிட்டு வா. தொட்டுக்க."

சொரிமுத்து துள்ளி எழுந்தான். "ஏட்டி, தொடலாமாம்ட்டி!"

பூமாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். புதன்தான் ஆகியிருந்தது.

அவன் தோளில் கிடந்த துண்டை இழுத்து முடிச்சை அவிழ்த்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக, கை கன்றக் கன்ற, இரண்டு கைகளிலும் ஏற்றினாள். வாசலுக்குப் போய் சிஸ்டரின் முகத்துக்கு நேராகக் கைகளை உதறிக் காட்டினாள். வராந்தா முழுக்கக் கலகலத்தது.

"இதப் போட்டுட்டு வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

சிஸ்டர் திட்டி விரட்டிவிட மாட்டாளா என்று காத்து நின்றாள்.

லீலாபாய் சிஸ்டர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.