நின்றால் உதறும்

"சாவியைக் குடுக்கிறியா, இல்ல போலீஸுக்குப் போகட்டுமா?"

தால்சு போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் கிபோங் பழந்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

விஷயம் இதுதான். தால்சுவின் பழைய கார் ஓடும்போது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றால் மட்டும் உதறும். வாரக்கணக்கில் இங்கேயே கிடக்கிறது. நாளைக்குக் காலையில் மலைக்குப் போய் அப்பா சமாதியில் புல் வெட்டியாக வேண்டும். சூசொக் அறுவடைப் பண்டிகைக்குள் வெட்டாவிட்டால் சொந்தக்காரர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் வேறு, தாத்தா காரில் போகலாம் என்று சியோலிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள்.

"முதல்ல பிளக் ஒயர்னே, மாத்தினே. அப்புறம் காயில்னே, அதையும் மாத்தினே. இன்னும் உதறுது! உனக்குத் தொழில் தெரியுமாடா?"

"பண்டிகை முடியட்டும், பாக்கலாம்ணே."

"என்னடா அண்ணே, நொண்ணே!"

தால்சுவின் மனைவி மல்லே, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த காபியைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

"ஏன் தம்பி, அலுத்துப்போய் அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டுப் போயிடுவோம்னு பாக்கறியா? அவரு முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. அவருக்குத் தெரியாத வண்டியா?"

"அதானே!" என்று டயர் மாற்ற வந்த ஒருவர் ஒத்து ஊதினார்.

கிபோங் சாவியை எடுத்து நீட்டினான். பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. கண்ணை மூடிக்கிட்டு, ஸ்டியரிங் மேல கையைச் சும்மா வச்சு, உதறுதான்னு சொல்லுங்க. அண்ணி, நீங்க இப்படி வாங்க."

தால்சு முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் ஓடத் தொடங்கியது.

மல்லே கையிலிருந்த காகிதக் கோப்பையை வாங்கி, கிபோங் இஞ்சின் மேல் வைத்தான். காபி அலுங்கவே இல்லை.

"மூணாவது சிலிண்டர் எரியாம இருந்தது நிஜம்தான் அண்ணி. ஒயர் மாத்தின அன்னிக்கே சரியாயிடுச்சு."

"அட பாவி! அப்புறம் எதுக்கு இத்தனை நாளா ஏமாத்தறே?"

கிபோங் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் போட்டான். கடகடவென்ற இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. பிறகு குனிந்து காயில் ஒயரை உருவினான். இஞ்சின் நின்றுபோனது.

"அண்ணே! உதறுதா?" என்று கத்தினான்.

"உதறுதுடா!" மூடிய கண்ணோடு தால்சுவும் கத்தினார். "நல்லாவே உதறுது!"

மல்லே பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங் மேல் சும்மா கிடந்த வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொப்பியைச் சரிசெய்ய அவர் கையைத் தூக்கினார். நடுக்கம் நின்றது. மறுபடி ஸ்டியரிங் மேல் வைத்தார். மறுபடி நடுங்கியது.

கிபோங் அவள் காதருகே வந்தான்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வேலை செய்யும்போது தெரியாது, சும்மா இருந்தா நடுங்கும். இப்ப அவரால சட்டை பட்டன் போட முடியல. பஸ் ஓட்டின மனுஷன்கிட்ட இதை எப்படி அண்ணி சொல்றது? பண்டிகை முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

மல்லே மறுபடி அந்தக் கையைப் பார்த்தாள். இவன் காரைக் கொடுத்திருந்தால் நாளைக்கு அந்த மலை வளைவுகளில், பின் சீட்டில் பேரப்பிள்ளைகளோடு போயிருப்பார்கள்.

தால்சு சாவியைத் திருகிவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன, கண்டுபிடிச்சானா?"

மல்லே அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"இவனா? கிழிச்சான்! இவனுக்கு ஒரு எழவும் தெரியலைங்க. இந்தக் காரை இங்கேயே போட்டுட்டு வாங்க. நாளைக்கு எல்லாரும் பஸ்ல போலாம்."

டயர்க்காரர் மறுபடி, "அதானே!" என்றார்.

கிபோங் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாண்ணே. எனக்குத் தெரியலண்ணே."