நாற்பது நாள் ஜீரோ

தி.நகர் கிளினிக்கில், சிகரெட்டை விட முயல்பவர்களுக்கான சனிக்கிழமைக் கூட்டம். நாற்பது நாளாக சிகரெட்டையே தொடாத நூர் முஹம்மதுக்குப் போர்த்த, பொன்னாடை வாங்கி வைத்திருந்தார் டாக்டர் வைதேகி. ஆனால் வந்தது மகள் ருக்சார் மட்டும்.

"அப்பா வரலியாம்மா? 'இன்னிக்கு எத்தனை?'ன்னு தினம் மெயில்ல கேக்கறேன். அவரும் விடாம ஜீரோன்னு பதில் போடறார்."

"அத்தாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது டாக்டர். பிரவுசிங் சென்டர்ல நான்தான் அடிப்பேன்."

"அப்ப அந்த ஜீரோ பொய்யா?"

"இல்ல, அது நிஜம். அதுக்கு முன்னாடி போட்டதுதான் பொய். அத்தா இருபதுன்னு உண்மையைச் சொல்லுவார். நான் மூணுன்னு அடிப்பேன்."

"ஏன்?"

"அஞ்சுக்கு மேல போனா நேர்ல கூட்டிட்டு வரச் சொல்வீங்க. எனக்குப் பரீட்சை இருந்துச்சு."

வைதேகிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி, எப்படியோ விட்டுட்டாருல்ல? இப்பவாவது கூட்டிட்டு வா."

ருக்சார் மேஜைமேல் இருந்த பொன்னாடையையே பார்த்தாள்.

"நெஞ்சு வலின்னு படுத்தவர் அன்னிக்கே மூச்சு நின்னு மவுத்தாயிட்டார் டாக்டர். நேத்து நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினோம். நீங்க தினம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இனிமேலாவது உண்மையை எழுதணும்னு தோணுச்சு."